தோழமையைக் கைவிடாமல் ஊர் வாழ்வுக்குத் திரும்புதல்: வன்னியின் முன்னாள் போராளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கும் இடையிலான போர் முடிந்தபோது, ஏறத்தாழ 12,000 பேர் சரணடைந்தவர்களாகவோ கைதானவர்களாகவோ புனர்வாழ்வு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். வவுனியா பூந்தோட்டம், வெலிக்கந்தை முதலிய இடங்களில் வைக்கப்பட்டிருந்த அவர்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு, கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் வவுனியாவின் எல்லைக் கிராமங்களுக்கும் திரும்பினார்கள். அதற்கு முன்பே இயக்கத்தை விட்டு விலகியிருந்தவர்களும், எந்த முகாமிலும் பதியப்படாமல் குடும்பத்தோடு வந்துசேர்ந்தவர்களும் இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறார்கள். முகாம்களில் தச்சு, மேசன் வேலை, தையல், கணினி எனத் தொழில்கள் கற்பிக்கப்பட்டன. ஆனால் உயிரைக் கொடுத்துக் காத்த தோழர்களை ஒரே கிழமையில் இழந்த ஒருவர் அதன் பிறகு எப்படி ஊரில் வாழ்வது என்பதை அங்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த வழிகாட்டி அதைப் பற்றியது. ஊர் வாழ்வுக்குத் திரும்புவதற்காகப் பழைய தோழமையை வெட்டி எறிய வேண்டியதில்லை என்பதும், அதைச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டால் அதுவே பெருந்துணையாகும் என்பதும் என் உறுதியான எண்ணம்.

முதற்படி: எது அறுந்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள்

காவல் நிலையில் ஒருவர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் பங்கருக்குள் மற்றவர் கண்ணை மூடினார். காயப்பட்டவரைத் தோளில் தூக்கிவந்தவருடைய வீட்டுப் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. இயக்கப் பெயர் மட்டுமே தெரியும். இப்படி ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவரின் உடம்பு, அருகில் நம்பத்தகுந்த ஆள் இருக்கும்போது மட்டுமே அச்சம் தணியும்படி பழகிவிடுகிறது. அந்த ஆட்கள் இல்லாமற்போனதும், வீட்டில் தாயும் சகோதரங்களும் சூழ்ந்திருந்தாலும், உடம்பு இன்னும் தனியே காவலுக்கு நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அன்பாகப் பேசும் மனைவியிடம் சினந்து விழுவதற்கும், பகல் முழுவதும் வேலியருகில் கதிரையைப் போட்டுக்கொண்டு வீதியையே பார்த்துக்கொண்டிருப்பதற்கும் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

வன்னியில் இந்த இழப்போடு வேறு இரண்டு துயரங்களும் சேர்ந்துகொண்டன. ஓமந்தைச் சோதனைச் சாவடியில், ஒரு நாள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் பதியுமாறு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டபோது, கூட்டத்துக்குள் இருந்தவர்கள் அடையாளம் காட்டப்பட்டார்கள். யார் யாரைக் காட்டினார், எந்த நெருக்குதலில் காட்டினார் என்ற கேள்வி இன்றுவரை தோழர்களுக்கிடையில் பேசப்படாமலே கிடக்கிறது. அடுத்தது, கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களின் நிலை. போரின் கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கொருவர் என்று அழைத்துச் செல்லப்பட்டவர்களும், சிறுவயதிலேயே சேர்க்கப்பட்டவர்களும் விரும்பிச் சேர்ந்தவர்களைப்போல அந்தக் காலத்தை நினைவுகூர முடியாது. தன்னைக் கொண்டுபோனவர்மீது ஆறாத கோபமும், தன்னோடு ஒரே பதுங்குகுழியில் இருந்து இறந்துபோன பிள்ளைமீது தீராத பாசமும் ஒரே நெஞ்சுக்குள் இருக்கலாம். இரண்டுமே உண்மை, ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்குமாறு யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

இரண்டாம் படி: ஆவணங்களை ஒழுங்குபடுத்துங்கள்

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், புனர்வாழ்விலிருந்து விடுவிக்கப்பட்டமைக்கான கடிதம், காணி அனுமதிப்பத்திரம், மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றின் பிரதிகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, இன்னொரு தொகுதியை உறவினர் வீட்டில் வையுங்கள். ஆவணம் தொலைந்திருந்தால் கிராம அலுவலரிடமிருந்து தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு, அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு ஆகியவற்றுக்கு அங்கேயுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பத்தைப் பற்றிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படுபவர்கள் பலர். நான்கு பேர் சேர்ந்து ஒரே நாளில் போனால் அந்தக் கூச்சம் பாதியாகும், பேருந்துச் செலவும் அலைச்சலும்கூடக் குறையும்.

மூன்றாம் படி: உடம்பைக் கவனியுங்கள்

உடம்பில் செல் துண்டோ சன்னமோ இருக்கும் ஒவ்வொருவரும் அதன் இடத்தைக் காட்டும் எக்ஸ்ரே படத்தை வீட்டில் வைத்திருப்பது அவசியம். உள்ளே தங்கிவிட்ட பெரும்பாலான துண்டுகளை எடுப்பதைவிட விட்டுவைப்பதே பாதுகாப்பு என்று சத்திரசிகிச்சை நிபுணர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு; தேடி வெட்டும்போது நரம்புக்கும் குருதிக்குழாய்க்கும் ஏற்படக்கூடிய கேடு, துண்டினால் ஏற்படும் கேட்டைவிடப் பெரிதாகலாம். ஆனால் வலி கூடுதல், சீழ் வடிதல், கை கால் விறைத்தல், துண்டு தோலுக்கடியில் நகர்ந்து தட்டுப்படுதல் ஆகியவை தோன்றினால் கிளினிக்குக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் ஈயத் துண்டு இருப்பதாகத் தெரிந்தால், அது மெல்லக் கரைந்து இரத்தத்தில் கலக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு அனுப்பப்பட்டால், உடம்பில் இரும்புத் துண்டு உண்டு என்பதை அறைக்குள் நுழையுமுன் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் துண்டை அசைத்துவிடலாம். இதைச் சொல்வதற்கு எங்கே, எப்போது காயப்பட்டீர்கள் என்ற முழுக் கதையும் தேவையில்லை.

செயற்கைக் கால் அணிபவர்கள் நாள்தோறும் இரவில் கழற்றியபின், எஞ்சிய காலின் அடிப்பகுதியைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, சிவந்த இடமோ கொப்புளமோ இருந்தால் அது ஆறும்வரை செயற்கைக் காலை அணியாதிருப்பது நல்லது. உறையை ஒவ்வொரு நாளும் கழுவிக் காயவையுங்கள். உடல் எடை மாறினாலும் பொருத்து தளர்ந்துவிடும். துணியைச் சுற்றி இறுக்கிக்கொண்டு வயலில் நிற்பது புண்ணுக்கே வழி. யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிலையம் நீண்டகாலமாகச் செயற்கை உறுப்புகளைப் பொருத்தியும் திருத்தியும் வருகிறது. இல்லாத காலில் வலி எடுப்பது மனப்பிரமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது நரம்பு மண்டலத்தில் உண்மையாகவே எழும் வலி; அதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்குப் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே உயிருக்கு ஆபத்தானவை. படுத்திருக்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும்போது அடிக்கடி கைகளை ஊன்றி உடலை உயர்த்த வேண்டும். இத்தகையவர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் உயிரிழை அமைப்பு, ஒரே காயம் கண்டவர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு தூரம் தாங்க முடியும் என்பதற்கு வன்னியிலேயே இருக்கும் நல்ல சான்று.

2016 இல், புனர்வாழ்வு முகாம்களில் நச்சு ஊசி ஏற்றப்பட்டதாக ஓர் அச்சம் எழுந்து வட மாகாண சபைவரை பேசப்பட்டது. அந்த அச்சம் பலரை ஊசி என்றாலே வைத்தியசாலைப் பக்கம் போகாதவர்களாக்கிவிட்டது. உங்களுக்கும் அந்தப் பயம் இருந்தால், என்ன மருந்து, எதற்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்; கூடவே நம்பிக்கையான ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பயத்தினால் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கவனியாமல் விடுவது பெருந்தீங்கு.

நான்காம் படி: உறக்கமும் திடுக்கிடுதலும் குடியும்

கெட்ட கனவு, சத்தம் கேட்டால் பதறுதல், சில இடங்களைத் தவிர்த்தல், உணர்ச்சியே மரத்துப்போதல் ஆகியவை சேர்ந்த நிலைக்கு 1980 இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் PTSD என்று தனிப் பெயரிட்டு அதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் நியூயோர்க்கில் தாங்களே சிறு குழுக்களாகக் கூடிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். ரொபேட் லிஃப்டன், ஹாயிம் ஷாட்டன் ஆகிய மருத்துவர்கள் அந்தக் குழுக்களில் அமர்ந்து கேட்டுத்தான் பலவற்றை அறிந்துகொண்டார்கள். மருத்துவத்துக்கு முன்பே தோழமை அந்த வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்காகவே இதை இங்கே சொல்கிறேன். நம்மிடையே பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் துயரத்தைத் தனிமனித நோயாக மட்டும் பாராமல், குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட காயமாகப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். தெற்கிலும் படையிலிருந்து திரும்பிய மகன்களுடைய தாய்மார் இதே இரவுகளைக் கழிக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கனவில் கத்துபவரை அருகில் சென்று உலுக்காதீர்கள். தன்னையறியாமல் அவர் கையை வீசக்கூடும். சற்றுத் தள்ளி நின்று விளக்கைப் போட்டு, வீட்டுப் பெயரைச் சொல்லி அழைத்து, இது எந்த ஊர், எந்த ஆண்டு, யாருடைய வீடு என்பதை அமைதியாகச் சொல்லுங்கள். பகலில் பதற்றம் ஏறும்போது, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டிச் சில நிமிடம் செய்வதும், முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவுவதும் உடனடியாக உதவும். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்துமுன் சொல்லிவைக்குமாறு நிர்வாகத்தினரிடம் கேட்பதில் தவறில்லை. வற்றாப்பளை அம்மனின் பொங்கலும் மே 18 முள்ளிவாய்க்கால் நினைவும் அண்டி வரும் அந்தக் கிழமைகளில் பலருக்கு உறக்கம் கெடும். அந்த நாட்களில் முக்கியமான கொடுக்கல் வாங்கல்களையும் முடிவுகளையும் தள்ளிப்போட்டுவிட்டு, ஒரு தோழரை வீட்டில் வந்து தங்குமாறு முற்கூட்டியே அழையுங்கள்.

கசிப்போ சாராயமோ முதல் மணித்தியாலத்தில் உறக்கத்தைத் தந்து, பின்னிரவில் அதைக் கெடுத்துவிடும். ஆனால் நீண்டகாலம் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் புத்தி தடுமாற்றமும் ஏற்படலாம். எனவே வைத்தியசாலையின் உதவியோடு நிறுத்துவதே பாதுகாப்பு. கிளிநொச்சி, முல்லைத்தீவு (மாஞ்சோலை), வவுனியா, மன்னார் ஆகிய மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலச் சேவையை நாடலாம். அங்கு தரப்படும் மருந்துகள் பலன் தரச் சில கிழமைகள் எடுக்கும். முதல் கிழமையில் பலனில்லை என்று கைவிடுவதும், நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்துவதும் கூடாது.

வாழப் பிடிக்கவில்லை என்று சொல்வது, பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைப்பதுபோலப் பேசுவது, நீண்ட கலக்கத்துக்குப் பின் திடீரென அமைதியாவது ஆகியவற்றைக் கண்டால், சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள பூச்சிநாசினியை அயலவரிடம் கொடுத்துப் பூட்டிவைத்து, வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற எண்ணில் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி உதவியையும் பெறலாம்.

ஐந்தாம் படி: குடும்பம் இடம் கொடுக்க வேண்டும்

பழைய தோழர் ஒருவர் வீட்டுக்கு வந்தால் கணவர் வேறு ஆளாக மாறிவிடுகிறார், எங்களோடு சிரிக்காதவர் அவரோடு சிரிக்கிறார் என்று மனைவிமார் வருந்துவது நியாயமானதே. ஆயினும் அந்தச் சிரிப்பைத் தடுத்தால் அது உங்கள் பக்கம் திரும்பி வராது. மாதத்தில் ஒரு நாளை அவர்களுக்காக விட்டுக்கொடுங்கள். அதற்கு ஈடாக, திரும்பிவரும் நேரத்தையும் குடியில்லை என்ற வாக்கையும் உறுதியாகக் கேட்டுவாங்குங்கள். வீட்டில் அடி உதை நடக்குமானால் அதைப் போரின் காயம் என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. மாவட்ட வைத்தியசாலைகளில் உள்ள நட்பு நிலையத்தில் பெண்கள் அதைப் பற்றிப் பேசலாம்.

முன்னாள் பெண் போராளிகளுக்கு இந்தப் பாதை இன்னும் கரடுமுரடானது. களத்தில் அணியை நடத்தியவரை, ஊர் திரும்பியதும் பெண் பார்க்க வந்தவர்கள் தழும்புக்காக மறுத்தார்கள். சில குடும்பங்கள் அவருடைய கடந்தகாலத்தையே மறைத்துத் திருமணம் செய்துவைத்தன. மறைத்து வாழ்பவர், தன்னோடிருந்த தோழியை வீதியில் கண்டாலும் பேசாமல் கடந்துபோக வேண்டியிருக்கிறது. இத்தகைய தோழியைக் கண்டால் இயக்கப் பெயரைச் சொல்லி அழைக்காதீர்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டமோ தையல் வகுப்போ போன்ற பொதுவான ஓரிடத்தில் சந்திப்பதே அவருக்குப் பாதுகாப்பு.

அப்பா சண்டை பிடித்தீர்களா என்று பிள்ளை கேட்கும் நாள் வரும். பத்து வயதுப் பிள்ளைக்கு, ஓம், சண்டை நடந்த காலத்தில் நானும் இருந்தேன், என்னோடு இருந்த நல்ல ஆட்கள் பலர் செத்துப்போனார்கள் என்ற அளவில் உண்மையைச் சொன்னால் போதும். வீரக்கதையாக்கியும் சொல்ல வேண்டாம், முற்றாக மறுக்கவும் வேண்டாம். மறுத்தால் பள்ளிக்கூடத்தில் வேறு யாரோ சொல்லிவிடுவார்கள்.

ஆறாம் படி: தொழில்

பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் வேலை பெற்ற முன்னாள் போராளிகள் பலர். நிலையான சம்பளம் கிடைத்தாலும், அந்த வேலை ஊரின் கண்ணில் அவர்களைச் சந்தேகத்துக்கு உரியவர்களாக்கியது. பசித்த குடும்பத்துக்காக வேலைக்குப் போனவரை அவமதிப்பது அறமல்ல. சுயதொழில் தொடங்குபவர்கள் வாராவாரம் வீட்டு வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடனையும், லீசிங்கில் எடுக்கும் ஓட்டோவையும் குறித்து மிக எச்சரிக்கையாக இருங்கள். காலபோகம் ஒன்று பிழைத்தால் தவணை கட்ட முடியாது. மூன்று நான்கு பழைய தோழர்கள் சேர்ந்து கச்சானோ உழுந்தோ விதைப்பது, ஒரு உழவு இயந்திரத்தைப் பொதுவில் வைத்திருப்பது போன்றவை நன்றாக நடக்கக்கூடியவை. ஆனால் பங்கும் செலவும் முதல் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். உயிரைக் கொடுக்கத் தயங்காத தோழர்கள் ஐயாயிரம் ரூபாய்க் கணக்கில் பிரிந்துபோவது நடக்கிறது. அணியில் பொறுப்பாளராக இருந்தவர் வயலிலும் பொறுப்பாளராகவே நடந்துகொண்டால் அந்தக் கூட்டு நிலைக்காது.

ஏழாம் படி: தோழர்களைத் தேடிச் செல்லுங்கள்

ஒருவரிடமிருந்து தொடங்குங்கள். முதல் சந்திப்பை ஒரு வேலையைச் சாட்டாக வைத்து அமைப்பது எளிது: கிணறு இறைப்பது, கூரை மேய்வது, வைத்தியசாலைக்குத் துணை போவது. முகத்துக்கு முகம் அமர்ந்து பழையதைப் பேசுவதைவிட, பக்கத்தில் நின்று வேலை செய்துகொண்டு பேசும்போது சொற்கள் தாமாக வரும். ஒருவர் சண்டையை விரிவாகச் சொல்லத் தொடங்கி மற்றவரின் முகம் மாறுவதைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

காட்டிக்கொடுத்ததாகச் சந்தேகிக்கப்படும் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தால், விசாரணை நடத்தும் உரிமை உங்களுக்கு இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அந்தச் சோதனைச் சாவடியில் அவர் பக்கத்தில் யாருடைய பிள்ளை நின்றது என்பது உங்களுக்குத் தெரியாது. மன்னிக்க முடியாவிட்டால் மன்னிக்க வேண்டியதில்லை. ஊரில் பழிச்சொல் பரப்பாமல் விலகியிருந்தால் போதும்.

சந்திப்புகளை வெளிப்படையாக வைத்திருங்கள். கலியாண வீடு, செத்த வீடு, கோயில் அன்னதானம், கமக்காரர் அமைப்பு, மரண உதவிச் சங்கம் ஆகியவை எல்லோரும் வந்துபோகும் இடங்கள். பழைய சின்னங்களையும் படங்களையும் முகநூலில் பகிர்ந்ததற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்கள் கைதாகியிருக்கிறார்கள் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் யாருக்காகவும் பணம் சேர்க்காதீர்கள். விசாரிக்க வருபவரிடம் பெயரையும் அலுவலகத்தையும் கேட்டு, நாளையும் நேரத்தையும் குறித்துவைத்து, வீட்டார் ஒருவரை உடனிருத்திக்கொள்ளுங்கள். தொல்லை தொடர்ந்தால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம்.

எட்டாம் படி: இறந்தவரின் வீட்டுக்குப் போங்கள்

இது எல்லாவற்றிலும் கடினமானது. இதை அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். உறக்கமும் உடம்பும் ஓரளவு நிலைப்பட்ட பின் செய்யுங்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரி முதல் தாய்மார் தெருவோரக் கொட்டகைகளில் காணாமற்போன தங்கள் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்தார்கள். அவர்களுள் சிலருடைய பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பதைக் கண்ணால் கண்ட தோழர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். தான் தப்பியதே குற்றம் என்ற எண்ணமும், தாயின் நம்பிக்கையை உடைக்கும் அச்சமும் அவர்களின் வாயை அடைத்துவைத்திருக்கின்றன.

முதலில், கண்டதையும் கேள்விப்பட்டதையும் ஒரு தாளில் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். இடம், நாள், உடுப்பு, பக்கத்தில் இருந்தவர்கள், கடைசியாகப் பேசிய சொல் ஆகியவை நினைவிலிருந்தால் குறியுங்கள். காயப்பட்டதை மட்டும் கண்டிருந்தால் காயப்பட்டதைக் கண்டேன் என்றே சொல்ல வேண்டும். இறந்திருப்பார் என்ற உங்கள் ஊகத்தை உண்மையாகச் சொல்லக் கூடாது. உயிரோடு கையளிக்கப்பட்டதைக் கண்டிருந்தால் அது வேறு வகையான சாட்சியம். அதைக் காணாமற்போனோர் அலுவலகத்திடமோ வேறெங்கோ எழுத்தில் கொடுக்குமுன், உங்களுக்கும் குடும்பத்துக்கும் வரக்கூடிய விளைவுகளை ஒரு சட்டத்தரணியோடு கலந்துபேசுங்கள்.

போவதற்கு முன், அந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய ஒருவர் மூலம், அறிய விரும்புகிறார்களா என்று கேட்டறியுங்கள். விரும்பாத வீட்டுக்குச் செய்தியோடு போகாதீர்கள். வெறுங்கையோடு, தோழனின் தோழனாக மட்டும் போய்வரலாம். விரும்பினால் காலையில் போங்கள், பெண் துணை ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். மகனின் இயல்பு, அவர் செய்த குறும்பு, வீட்டைப் பற்றிச் சொன்னவை ஆகியவற்றைச் சொல்லி, அவர்கள் கேட்கும் அளவுக்கு மட்டும் மற்றதைச் சொல்லுங்கள். காயத்தின் விவரத்தை அவர்களாகக் கேட்டாலொழியச் சொல்ல வேண்டாம். நீ மட்டும் எப்படித் தப்பினாய் என்று தாய் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு வாதாடாமல், அம்மா, அது எனக்கும் விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே இருங்கள்.

அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டியதில்லை. ஒரு கிழமைக்குள் மறுபடியும் போங்கள். முதல் நாளில் கேட்கத் துணியாத கேள்விகளை அவர்கள் அப்போதுதான் கேட்பார்கள். அதன் பிறகு திவசத்துக்கும் கார்த்திகை (நவம்பர்) 27 மாவீரர் நாளுக்கும் போய்வருவதைப் பற்றி அவர்களே சொல்லட்டும். அந்த வீட்டிலிருந்து திரும்பிய இரவு உங்களுக்குத் துணை தேவைப்படும். எனவே உங்கள் தோழர் ஒருவரை அன்று உங்களோடு தங்கும்படி முதல் நாளே சொல்லிவைத்துவிட்டுப் புறப்படுங்கள்.